அடிச்சுவரில் செங்கல் மாவாகக் கொட்டினால்: பூசி மூடுவதா, கல்லை மாற்றுவதா, ஓதத்தடை வைப்பதா?

வீட்டுச் சுவரின் அடியில், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை பெயின்ட் சுருண்டு உரிகிறது. பூச்சு பொருமி நிற்கிறது. விரல் முட்டியால் தட்டினால் உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வருகிறது. ஓரிடத்தில் பெயர்த்துப் பார்த்தால் செங்கல் சிவப்பு மாவாகக் கொட்டுகிறது. கொத்தனாரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “கொத்திட்டு வாட்டர்புரூஃப் கலந்து பூசிடலாம் சார்.” சில வீடுகளுக்கு அது போதும். பல வீடுகளில் அது அடுத்த ஐப்பசி மழை வரைக்கும்தான் தாங்கும்.

வேறு வழிகளும் உண்டு. கெட்ட கல்லை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றலாம். அடி வரிசைகளைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கட்டி, நிலத்து ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் ஓதத்தடையை நடுவில் வைக்கலாம். துளை போட்டு மருந்து செலுத்தலாம். வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கவும் ஆள் இருக்கிறது. ஒன்றுக்கொன்று செலவு பல மடங்கு மாறும். ஆனால் எந்த வழி என்பதைத் தொகை முடிவு செய்யக் கூடாது. கல் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் கல்லைக் குத்திப் பார்க்க வேண்டும்

பொருமிய பூச்சை எல்லாம் தட்டிவிட்டு, கம்பி பிரஷால் உலர்ந்தபடியே தேய்த்து, உதிர்ந்த தூளைப் பெருக்கி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. மேலே பூத்த உப்பு கரைந்து திரும்பவும் கல்லுக்குள்ளேயே போய்விடும். பிறகு தட்டையான ஸ்க்ரூடிரைவரைக் கையால் மட்டும் அழுத்தி ஒவ்வொரு கல்லிலும் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்குள் நின்றால் முகம் மட்டும்தான் போயிருக்கிறது, கல் பிழைக்கும். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தக் கல் மாற்ற வேண்டிய கல். நாலரை அங்குலச் சுவரில் இரண்டு அங்குலம் இறங்கினால், கிட்டத்தட்ட பாதிச் சுவர் அங்கே இல்லை. கெட்ட கல்லுக்கெல்லாம் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே போங்கள். கடைசியில் இரண்டடி தள்ளி நின்று பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயிருக்கிறதா, அடி நான்கு வரிசையும் ஒரே சீராகப் போயிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

தண்ணீர் வரும் வழியையும் அந்தக் குறிகளே சொல்லும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை நீளவாக்கில் ஒரே மட்டமாக ஓதம் காத்திருந்தால் அது நிலத்திலிருந்து ஏறுவது. சுவரின் நடுவில் திட்டாக இருந்து, மறுபக்கம் குளியலறையும் இருந்தால் சுவருக்குள் போகும் குழாயைச் சந்தேகப்படுங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ராத்திரி முழுக்க வாட்டர் மீட்டரையோ மேல்தொட்டி மட்டத்தையோ கவனித்தால் பதில் கிடைக்கும். சன்ஷேடுக்குக் கீழே மட்டும் ஈரம் என்றால் மழைநீர்.

நம் ஊர்களில் இன்னொரு காரணம் தெருவிலேயே இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டு, முன்பு மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று தெருவை விடப் பள்ளத்தில் கிடக்கின்றன. கட்டும்போது ஓதத்தடை வைத்திருந்தாலும் அது இப்போது மண்ணுக்குள் புதைந்திருக்கும். அதற்கு மேலே இருக்கும் சுவர் நேராக மண்ணிலிருந்து ஈரம் குடிக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் சுவரைத் தொடுவதற்கு முன், வெளிப்பக்கம் சுவரை ஒட்டிக் கொட்டியிருக்கும் மண்ணையும் சிமென்ட் தளத்தையும் எடுத்து, தண்ணீர் விலகி ஓட வழி செய்ய வேண்டும். இதற்குச் செலவு அதிகமாகாது. சில சுவர்கள் இதோடு தேறியும் விடும்.

நிலத்து நீர் உப்போடு ஏறுகிறது. சுவரின் முகத்தில் நீர் ஆவியாகிப் போக, உப்பு கல்லின் நுண்துளைகளில் படிகமாக வளர்ந்து உள்ளிருந்தே தோலை உடைக்கிறது. ஒரே வரிசையில் ஒரு கல் மாவாகிக் கிடக்க, பக்கத்துக் கல் கணீரென்று நிற்பதற்குக் காரணம் சூளை. சரியாக வேகாத கல் முதலில் போகும்.

கொத்திவிட்டுப் பூசுவது எப்போது சரி

ஸ்க்ரூடிரைவர் அரை அங்குலத்துக்குள் நின்று, தண்ணீர் வந்த வழியும் அடைபட்டுவிட்டால், உதாரணமாகக் கசிந்த குழாயை மாற்றிவிட்டால், மறுபூச்சு போதும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வீண் செலவு. ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல், அதாவது 1:3 என்று சிமென்ட் தூக்கலாகப் போட்டு, அதில் வாட்டர்புரூஃப் திரவமும் கலந்து பூசினால் சுவரின் முகம் அடைபடும். ஏறும் நீர் அங்கே ஆவியாக முடியாமல் இன்னும் மேலே ஏறி, புதுப் பூச்சு முடியும் கோட்டுக்கு மேல் அடுத்த பொருமலைக் காட்டும். மூன்றடிக்கு டைல் ஒட்டினால் நான்கடியில் உரியும். டைல் ஒட்டி மறைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. உள்ளே கல் கரைவது வருடக்கணக்கில் கண்ணுக்கே தெரியாது.

பூசத்தான் போகிறீர்கள் என்றால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சந்துகளை அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, 1:6 சிமென்ட் கலவையோ, சிமென்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6 கலவையோ போடுங்கள். சுண்ணாம்பு சேர்ந்த பூச்சு மூச்சுவிடும், வெடிப்பும் குறையும்.

கல் கல்லாக மாற்றுவது

பத்துப் பதினைந்து கல் சிதறலாகப் போயிருக்கிறது, சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறது, 9 அங்குலச் சுவர் என்றால் இந்த வழிக்கு இணையில்லை. ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் நிதானமாகச் செய்தால் நாளைக்கு எட்டுப் பத்துக் கல் மாற்றலாம். அதற்கு மேல் வேகம் காட்டுபவர் சுத்தியலை ஓங்குகிறார் என்று பொருள்.

எங்கே கை வைக்கக் கூடாது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் உட்கார்ந்திருக்கும் இடம், பீம் முனைக்கு நேர் கீழே, சுவர் மூலை ஆகியவற்றில் முட்டுக் கொடுக்காமல் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. சாய்வாக ஓடும் வெடிப்போ, ஒரு அங்குலத்துக்கு மேல் சாய்வோ இருந்தால் கட்டட என்ஜினீயரைக் காட்டாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். ஸ்விட்ச் பாக்ஸ் பக்கத்தில் வேலை என்றால் மெயினை நிறுத்திவிடுங்கள்.

கல்லை எடுப்பதற்கு, அதைச் சுற்றியுள்ள சந்தில் 8 மில்லிமீட்டர் பிட்டால் நெருக்கமாக வரிசையாகத் துளை போட்டு, மெல்லிய உளியால் இடையில் உள்ள சாந்தை நீக்குங்கள். கட்டிங் மெஷின் வைத்தால் வேகமாக முடியும் என்று தோன்றும். ஆனால் வட்டமான பிளேடு சந்தின் கோடி வரை போக, மேலும் கீழும் உள்ள நல்ல கல்லை வெட்டிவிடும். தவிர, 4 அங்குல மெஷின் ஒன்றேகால் அங்குல ஆழத்துக்கு மேல் போகாது. சுற்றிலும் சந்து விட்ட பிறகு, கல்லை நடுவில் உடைத்து, துண்டு துண்டாக நடுப்பக்கம் இழுத்து எடுங்கள். ஓரத்தை நெம்பினால் பக்கத்துக் கல்லும் அசையும். ஒட்டினாற்போல இரண்டு கல்லுக்கு மேல் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக் கூடாது. மூன்று கல் சேர்ந்தாற்போல் போயிருந்தால் நடுக்கல்லை மாற்றி, இரண்டு நாள் விட்டு மற்ற இரண்டையும் எடுங்கள்.

குழியிலிருந்து பழைய சாந்தையும் தூசியையும் முழுவதும் பிரஷால் எடுத்து, லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். புதுக்கல்லை நீர்த்தொட்டியில் குமிழி வருவது நிற்கும் வரை, சுமார் ஒரு மணி நேரம், போட்டு எடுத்து, மேல் ஈரம் வடியும் வரை வெளியே வைக்க வேண்டும். காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், அந்தச் சாந்து பிறகு மணலாகத்தான் உதிரும். சொட்டச் சொட்ட வைத்தால் கல் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும்.

அடியிலும் பின்பக்கமும் கெட்டியான 1:5 கலவை போட்டு, கல்லின் இரு பக்கத்திலும் பூசிக்கொண்டு உள்ளே தள்ளுங்கள். ரசமட்டம் வைத்து, மேல் சந்தில் இரண்டு சிறு கடப்பா கல் சில்லுகளைச் செருகி நிறுத்துங்கள். கலந்த சாந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகிப்போனதில் தண்ணீர் விட்டு மறுபடி கலக்க வேண்டாம்.

மேல் சந்தில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. தளர்ந்த சாந்தைக் கரண்டி நுனியால் முன்பக்கம் மட்டும் பூசிவிட்டால், வெளியே அழகாக இருக்கும், உள்ளே காலியாக இருக்கும். மேல் சுவரின் பாரம் அந்தக் கல்லுக்கு வராமல் பக்கத்துக் கற்கள் மேலேயே நிற்கும். புதுக்கல் வெறும் அலங்காரம்தான். அதற்குப் பதில் 1:3 கலவையை ஈரமண் பதத்தில் தயாரியுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அரை அங்குலத்துக்குச் சற்று மெல்லிய இரும்புப் பட்டையால், கொஞ்சம் கொஞ்சமாகக் கோடி வரை தள்ளி இடிக்க வேண்டும். இடிக்கும் சத்தம் மந்தத்திலிருந்து கெட்டியாக மாறும்போது சந்து நிறைந்திருக்கும். ஏழு நாளைக்கு ஈரக் கோணி போர்த்தி வைக்க வேண்டும்.

நாலரை அங்குலச் சுவருக்கு இந்த வழி அவ்வளவு பொருந்தாது. கல்லை எடுத்தால் மறுபக்கப் பூச்சும் கூடவே வரும். தூண், பீம் வைத்துக் கட்டிய வீட்டில் அது வெறும் தடுப்புச் சுவர்தான் என்றால், மேலே பரண் ஏதும் அதில் உட்காரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, முழுச் சுவரையும் இடித்து அடியில் ஓதத்தடை வைத்துக் கட்டுவதே மலிவு. பத்துக்குப் பத்தடிச் சுவருக்கு 450 கல் போதும்.

எந்தக் கல்லை வைப்பது

கடையில் 9 அங்குலக் கல் என்று கேட்டு வாங்கி வந்துவிடாதீர்கள். சேம்பர் சூளையில் சுட்ட செங்கலின் உயரம் ஏறக்குறைய 3 அங்குலம் இருக்கும். பழைய நாட்டுச் செங்கல் இரண்டே முக்கால், இரண்டரை என்று ஊருக்கு ஊர் மாறும். சுவரில் ஐந்து வரிசையைச் சேர்த்து அளந்து ஐந்தால் வகுத்தால் கல்லும் சந்தும் சேர்ந்த உயரம் கிடைக்கும். அதில் அரை அங்குலம் கழித்தால் தேவையான கல் உயரம். கால் அங்குலம் உயரமான கல்லை வைத்தால் மேல் சந்தை இடித்து நிரப்ப இடமே இருக்காது.

அளவு பொருந்த வேண்டும் என்று இடித்த வீட்டுக் கல் வாங்குபவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் அதுவே உப்பேறிய கல்லாக இருந்தால் பழைய நோயைக் காசு கொடுத்து வாங்குவதாகிவிடும். இதைச் சோதிக்க ஒரு தட்டில் ஒரு அங்குலம் தண்ணீர் ஊற்றி, கல்லை நெட்டாக நிறுத்துங்கள். பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீர் நல்லது. போர் தண்ணீரில் செய்தால் தண்ணீரின் உப்புதான் தெரியும். தண்ணீர் முழுக்க வற்றிய பிறகு இன்னொரு முறை ஊற்றி வற்ற விடுங்கள். இந்தியத் தர விதி 3495 சொல்லும் சோதனையின் வீட்டு வடிவம் இது. முகத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் மெல்லிய வெள்ளை என்றால் எடுத்துக்கொள்ளலாம். பாதி வெளுத்தால் ஓதச் சுவருக்கு வேண்டாம்.

புதுக்கல்லுக்கும் இதே சோதனை பொருந்தும். அதோடு நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது, இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். உலர்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் ஊறவிட்டு மறுபடி எடை போட்டால் 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது: 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள்.

நிலக்கரிச் சாம்பலில் செய்யும் ஃப்ளை ஆஷ் கல் அளவு சுத்தமாக இருக்கும், நீளமான பாகத்துக்குப் பயன்படுத்தலாம். சுட்ட செங்கல் நடுவே ஒன்றிரண்டாகச் செருகினால் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு வரும், அங்கே கோழி வலை அடித்துப் பூச வேண்டியிருக்கும். ஏஏசி பிளாக் எனப்படும் எடை குறைந்த நுண்துளைக் கான்கிரீட் கல் தண்ணீரை இழுக்கும், அடிச்சுவருக்கு ஆகாது.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு என்றால் மேலே சொன்ன சிமென்ட் கலவைகள் வேண்டாம். சிமென்ட் சந்து அந்தக் கல்லை விடக் கடினம். ஈரம் சந்து வழியே போகாமல் கல் வழியே போய்க் கல்லைத் தின்னும். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு, அவசரம் என்றால் சிமென்ட், சுண்ணாம்பு, மணல் 1:2:9. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

அடி வரிசைகளைப் பாகம் பாகமாக மாற்றி ஓதத்தடை வைப்பது

அடி மூன்று நான்கு வரிசையும் தொடர்ந்து போயிருந்தால் கல் கல்லாக மாற்றுவது ஏமாற்று வேலை. புதுக்கல்லும் அதே தண்ணீரைக் குடிக்கும். இங்கே எடுத்துக் கட்டும்போதே என்ஜினீயர்கள் டி.பி.சி. என்று சொல்லும் ஓதத்தடையை வைத்துவிட வேண்டும். செலவும் அலுப்பும் அதிகம், ஆனால் நோய்க்கு மருந்து இதுதான்.

பத்தடிச் சுவரை இரண்டிரண்டு அடியாக ஐந்து பாகமாகக் குறித்து, இடமிருந்து 1, 4, 2, 5, 3 என்ற வரிசையில் திறக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான். இரண்டு நாளுக்கு ஒரு பாகம் என்று போனால், எந்தப் பாகத்தைத் திறக்கும்போதும் அதன் பக்கத்துப் பாகம் குறைந்தது நான்கு நாள் இறுகியிருக்கும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கும். இரண்டே நாளில் முடிக்கிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். அவர் ஐந்தடியை ஒரே நேரத்தில் திறப்பார், மேல் சுவர் இறங்கி சாய்வெடிப்பு விடும்.

ஓதத்தடை வெளித்தரையை விட 6 அங்குலமாவது மேலே வர வேண்டும். எதை வைப்பது? ஒன்றரை அங்குலக் கான்கிரீட் புது வீட்டில் ஒரே வீச்சில் போடும்போது அருமையானது. பாகம் பாகமாகப் போட்டால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு ஓட்டை. இரண்டடுக்குக் கடப்பா கல்லை இணைப்பு மாற்றிச் சாந்தில் பதிப்பதும் பழைய, நம்பகமான முறை. பாக வேலைக்குக் கனமான ஓதத்தடை ஷீட் எங்கள் முதல் தேர்வு. மேலும் கீழும் அரை அங்குலச் சாந்து மெத்தை போட்டு, கூர்மையான ஜல்லி எதுவும் குத்தாமல் விரிக்க வேண்டும். இணைப்பில் 4 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். அதற்காகக் கடைசிக் கல்லை அரைக்கல் அளவு உள்ளே நிறுத்தி, மீதி ஷீட்டைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்துவிட்டால், அடுத்த பாகம் திறக்கும்போது உளி படாமல் கிடைக்கும். பலர் இதை மறந்து ஷீட்டை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு இரண்டடிக்கும் ஒரு ஈரக்கோடு மேலே ஏறுவதைப் பார்க்கலாம்.

மேல் சந்தைக் கட்டிய அன்றே அடைக்கக் கூடாது. கீழே உள்ள சாந்து அமர்ந்து சுருங்க ஒரு நாள் விட்டு, மறுநாள் ஈரமண் பதக் கலவையால் இடித்து நிரப்ப வேண்டும்.

பத்தடி நீளம், ஓரடி உயரம், 9 அங்குலச் சுவருக்குச் சுமார் 90 கல் பிடிக்கும், உடைசலுக்குச் சேர்த்து 100 வாங்குங்கள். 1:5 கலவைக்கு ஏறக்குறைய 20 கிலோ சிமென்ட், இரண்டேகால் கன அடி மணல். உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் இத்தனையும் வீண்.

மருந்து செலுத்துவதும், வீட்டைத் தூக்குவதும்

சிலேன் வகை க்ரீமை அடிச் சந்தில் செலுத்தி, நீர் ஏறாத ஒரு படலம் உண்டாக்குவது இன்னொரு வழி. 12 மில்லிமீட்டர் துளை, 12 சென்டிமீட்டருக்கு ஒன்று. பத்தடிச் சுவருக்கு 25 துளை, 9 அங்குலச் சுவரில் 8 அங்குல ஆழம். ஒரே நாள் வேலை, சுவரைப் பிரிக்க வேண்டாம். கல் கெட்டியாக இருந்து ஓதம் மட்டும் ஏறும் வீட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். மாவான கல்லை அது கல்லாக்காது. நடுவில் காலியாக உள்ள பழைய தடித்த சுவர்களில் மருந்து பொந்துக்குள் ஓடிவிடும். கல் சிதறலாகவும் போய், நிலத்து ஓதமும் ஏறுகிறது என்றால், மேலே சொன்னபடி கல்லை மாற்றிவிட்டு, சாந்து இறுகிய பிறகு மருந்து செலுத்துவது பாக வேலையை விட மலிவான கலப்பு வழி. பத்தில் நான்கு கல்லுக்குள் கெட்டிருந்தால் இதையே முதலில் யோசியுங்கள்.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவதைச் செங்கல் பழுதுக்காக மட்டும் செய்வது கொசுவுக்கு வீட்டைக் கொளுத்துவது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்றால் கணக்கு மாறும். அடிச்சுவரை அறுத்து இரும்புச் சேனல் செருகித் தூக்கும்போது கெட்ட வரிசைகள் எல்லாம் எப்படியும் போய்விடும், புது ஓதத்தடையும் இடைவெளி இல்லாமல் வைக்கலாம்.

பூசுவதற்கு முன்

எந்த வழியில் போனாலும் பழைய பூச்சை ஈரக்கோட்டுக்கு மேல் ஓரடி வரை எடுத்துவிட வேண்டும். அதில் ஏறிய உப்பு காற்றின் ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும். புதுப் பூச்சு ஓதத்தடைக் கோட்டைத் தாண்டிக் கீழே ஓடக் கூடாது. தாண்டினால் பூச்சே திரியாகித் தண்ணீரை மேலே ஏற்றும். கோட்டில் ஒரு காடி வெட்டிப் பிரித்துவிடுங்கள், கீழே தனியாகப் பூசிக்கொள்ளலாம்.

சுவர் காய ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. அவ்வளவு நாள் வெறும் சுவரோடு யாரும் வாழ மாட்டார்கள். அதனால்தான் பொங்கல் கழிந்ததும் தொடங்கி, கோடை முழுக்கச் சுவரைத் திறந்தபடி காயவிட்டு, ஆடிக்குள் பூசி முடிக்கச் சொல்கிறோம். வால் புட்டியும் எமல்ஷனும் முதல் வருடம் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். சுவரில் ஈரம் மிச்சம் இருந்தால் அந்த வெள்ளை வழியே வெளியேறிவிடும். உப்பு பூத்தாலும் உலர்ந்த பிரஷால் தட்டி எடுத்துவிட்டு, அடுத்த மழை முடிந்தபின் இன்னொரு பூச்சு வெள்ளை அடித்துக்கொள்ளலாம்.